முள்ளெலி திரும்பாது

ஜனவரி 8, செவ்வாய்

ஒத்திகைக்கு வந்தது பதின்மூன்று பேர். டிராம்போன் வாசிக்க ஒருவரும் இல்லை. மிச்சமிருந்த ஒரே ஆளும் இடுப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார். டிராம்போன் வரவேண்டிய இடங்களில் எல்லாம் உர்பான் வாயாலேயே "பாம் பாம்" என்று பாடினான். உர்பான் எங்கள் டான்வில் இசைச் சங்கத்தின் தலைவன், ஊரின் கசாப்புக்கடைக்காரன், நல்லவன். ஆனால் அந்தக் குரலுக்குத் தெருநாய்கள் பதில் கொடுத்தன.

முடிந்ததும் சொன்னான்: "இனிமே தாக்குப்பிடிக்க முடியாதுப்பா. மூஸ்பாக்கோட சேர்ந்துட வேண்டியதுதான். இல்லன்னா இந்தக் கோடையோட சங்கத்தையே மூடிடலாம்."

மூஸ்பாக் ஓடைக்கு அந்தப் பக்கம், நாலே கிலோமீட்டர். பஸ்ஸை ஓட்டிக்கொண்டு தினமும் பன்னிரண்டு தடவை நான்தான் போய்வருகிறேன். அவர்கள் பேண்டில் பதினோரு பேர், அதில் நாலு டிராம்போன். அடிச்சுருதி ஊதும் டியூபா கிடையாது. எங்களிடம் டியூபா உண்டு. அது நான். ஜாதகம் பார்த்தால் பத்துப் பொருத்தமும் இருக்கிறது.

அந்த நாலு டிராம்போனில் ஒன்று ஒட்டிலியா. என் மனைவி. பதினோரு வருடமாக முன்னாள் மனைவி. ஏன் போனாள் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. "போதும் மெல்க்" என்றாள். டிராம்போன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பஸ்ஸிலேயே ஏறி மூஸ்பாக்குக்குப் போய்விட்டாள். டிக்கெட்டும் வாங்கினாள்.

ஜனவரி 15, செவ்வாய்

இணைப்புப் பேச்சு சந்தேகப்படும் அளவுக்குச் சுலபமாக முடிந்தது. பெயர்: இரண்டு ஊர்ப் பெயரும். சட்டை எங்களுடையது, தொப்பி அவர்களுடையது. ஒத்திகை ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. மிச்சம் இருப்பது புதுக் கொடி. கொடியில் இரண்டு சங்கத்துக் கேடயச் சின்னங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும். "அதெல்லாம் அரைமணி நேர வேலை," என்றான் உர்பான். "நம்ம மெல்கியோர் பார்த்துக்குவான். அவனுக்குத் தெரியாத சின்னமா?"

சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன்? நாற்பது வருடமாகக் கேடயச் சின்னங்களைப் பற்றிப் படிக்கிறேன். அலமாரியில் பதினேழு நூல்கள். எங்கள் சின்னம் பொன்னிறத்தில் கறுப்பு முள்ளெலி. பின்னங்காலில் எழுந்து நின்று சிவப்புக் கொம்பு ஊதும். முள் என்றால் யாருக்கும் பணியமாட்டோம். கொம்பு என்றால் இசை. பொன் என்றால் விளைச்சல். (அன்றைக்குக் கடையில் மஞ்சள் சாயம்தான் மிச்சம் இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு.) அவர்களுடையது வெள்ளியில் நீல நீர்நாய், வாயில் ஒரு யாழ். நீர்நாய் கவ்விய யாழில் யார் வாசிக்கப்போகிறார்கள் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மூஸ்பாக் சார்பில் சின்னத்தைக் கவனிக்கப்போவது யார் என்று கேட்டேன். ஒட்டிலியாவாம். நல்லது. அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஜனவரி 26, சனி

பொய் சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பாலத்துப் பக்கத்து விடுதியில் நாலு பேர் உட்கார்ந்தோம். நான், உர்பான், மூஸ்பாக் தலைவர் ஃப்ரிடோலின், ஒட்டிலியா. ஃப்ரிடோலின் மர அறுவை ஆலை வைத்திருப்பவர். பேசும்போதும் மரம் அறுப்பதுபோலவே பேசுவார். சூடான சீஸ் பணியாரம், வெள்ளை ஒயின், எல்லோரும் சிரித்த முகம். ஒட்டிலியா மட்டும் என்னை "நீங்க" என்று கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருடம் ஒரே படுக்கையில் தூங்கியவள்! "செயலாளர் நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். சீஸ் நாக்கைச் சுட்டுவிட்டது.

முதல் கேள்வி, கொடிக்கம்பத்தை ஒட்டிய கௌரவ இடம் யாருக்கு? எங்கள் முள்ளெலி 1911. அவர்கள் நீர்நாய் 1924. மூத்தது முள்ளெலிதான். ஃப்ரிடோலின் முணுமுணுத்தார். ஆனால் ஒப்புக்கொண்டார். உர்பான் மேசைக்கு அடியில் என் தொடையைத் தட்டினான்.

உடனே ஒட்டிலியா வரைபடத்தில் விரலை வைத்தாள். "சரி. அப்படின்னா முள்ளெலியைத் திருப்பணும்."

"எங்க திருப்பணும்?" என்றான் உர்பான்.

"எங்க நீர்நாய் பக்கம். எல்லாச் சின்னத்துலயும் மிருகம் கம்பத்தைப் பார்த்துதான் நிக்கும். ரெண்டையும் அப்படியே பக்கத்துல வெச்சா, முன்னாடி நிக்கிறது பின்னாடி நிக்கிறதுக்குப் பிருஷ்டத்தைக் காட்டும். அதனால கௌரவ இடத்துல இருக்கிறவர் மரியாதைக்காகத் திரும்பி மத்தவர் முகத்தைப் பார்க்கணும். இது விதி. செயலாளருக்குத் தெரியாம இருக்காது."

தெரியும். மரியாதைத் திருப்பம். என் நீல அட்டை நூலில் நாற்பத்தோராம் பக்கம். அவள் சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகில்லை.

ஆனால் உர்பானின் முகம் கல்லீரல் நிறத்துக்கு வந்துவிட்டது. "நூறு வருஷமா கம்பத்தைப் பார்த்து நிக்கிற முள்ளெலி! கொடியைத் தூக்கிட்டு நடந்தா அது பின்பக்கமா பார்க்கும். ஊரே ஓடிப்போற மாதிரி இருக்கும். மெல்க், நீ சொல்லு. அப்படி ஒரு விதி இருக்கா?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். ஒட்டிலியா கொஞ்சம் சிரித்தபடி பார்த்தாள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது.

"விதி இருக்கு," என்றேன். "ஆனா முள்ளெலிக்குப் பொருந்தாது. முள்ளெலி விதிவிலக்கு."

"எதனால?"

"முள்ளு."

"முள்ளா?"

"முள்ளுள்ள பிராணியைத் திருப்பினா பக்கத்துச் சின்னத்தைக் குத்தும்னு பழைய நூல்ல இருக்கு."

ஒட்டிலியா நிதானமாக ஒயினை ஒரு வாய் குடித்தாள். "முள்ளு முதுகுலதானே இருக்கு? இப்ப முதுகுதானே எங்க பக்கம் இருக்கு? திருப்பினாத்தானே குத்தாது?"

"நூலைப் பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

உர்பான் எல்லோருக்கும் இன்னொரு சுற்று ஒயின் வாங்கிக்கொடுத்தான்.

ஜனவரி 27, ஞாயிறு

பதினேழு நூலிலும் பார்த்தேன். இல்லை. இருந்தால்தானே?

பிப்ரவரி 1, வெள்ளி

இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. காலை 6.50 பஸ்ஸில் பால்காரர், "அந்த விதிவிலக்கு முள்ளம்பன்றிக்கும் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். 9.20-ல் பிலொமினா அம்மாள் முட்டைக் கூடையோடு ஏறினாள். "கள்ளிச்செடிக்கு?" என்றாள். செடிகளுக்குத் தனி நூல் என்றேன். பொய் சொல்வதில் இவ்வளவு திறமை எனக்குள் இருந்ததே இத்தனை வருடம் தெரியாமல் போய்விட்டது.

பிப்ரவரி 5, செவ்வாய்

உர்பானின் கடையில் தொத்திறைச்சி வாங்கப் போனேன். உறையில் ஓர் ஒட்டுச்சீட்டு. கொம்பு ஊதும் முள்ளெலி, அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: முள்ளெலி திரும்பாது!

"எத்தனை அடிச்சிருக்க?"

"ரெண்டாயிரம்," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. "உன்னாலதான் மெல்க். நாம ஒரு விதிவிலக்குன்னு இத்தனை நாளா நமக்கே தெரியாது."

காசைக் கொடுத்துவிட்டு வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வியாழன்

முகமூடித் திருவிழாத் தொடக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கே வெடி, பறை, தகர டப்பா. இன்றைக்கு முகமூடி போட்டவர் யாரிடமும் எதையும் சொல்லலாம். கேட்பவர் கோபப்படக்கூடாது. அது இந்த ஊர்களின் வழக்கம்.

மூஸ்பாக்காரர்கள் ஒரு வண்டி கட்டியிருந்தார்கள். கம்பிவலையும் தேவதாரு இலையும் வைத்து நாலு மீட்டர் உயரத்தில் ஒரு முள்ளெலி. கூட்டத்துக்கு முழுக்க முழுக்கப் பின்புறம். அதன் வாலுக்குக் கீழே ஒருவன் பேராசிரியர் அங்கி போட்டு உட்கார்ந்து தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே "இங்கதான் எங்கேயோ படிச்சேன், இங்கதான் எங்கேயோ படிச்சேன்" என்று கத்திக்கொண்டு போனான். அங்கிக்கு அடியில் பஸ் ஓட்டுநர் சீருடை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

பிறகு விடுதியில் ஒரு சூனியக்காரி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மரமுகமூடி, வளைந்த மூக்கு, ஒரே பல். கீச்சுக்குரலில் கேட்டாள்:

"முள்ளெலி சார், பெண்டாட்டி ஏன் போனாள்னு தெரியுமா?"

"தெரியாது."

"கேட்டியா?"

"அவளே சொல்லுவாள்னு இருந்தேன்."

"இருபத்திரண்டு வருஷம் உன் முதுகோட குடும்பம் நடத்தினாள்டா, மடையா! பஸ்ஸுல முதுகைக் காட்டிப் பேசுவ, சரி, அது வேலை. வீட்டுலயும் அப்படியேதான் இருந்த. அலமாரியைப் பார்த்துப் பேசுவ, ஜன்னலைப் பார்த்துப் பேசுவ, சூப்பைப் பார்த்துப் பேசுவ. ஒரு தடவை தலைமுடியை ஒட்ட வெட்டிட்டு வந்தா. ஆறு நாள் கழிச்சுப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் உனக்குத் தெரிஞ்சுது."

என் கோப்பையிலிருந்த காப்பிச் சாராயத்தை எடுத்து முகமூடியின் வாய் ஓட்டை வழியாகக் குடித்துவிட்டு, பாதியைத் தாடையில் கொட்டிக்கொண்டு, எழுந்து போனாள்.

கோபப்படக்கூடாது. வழக்கம்.

பிப்ரவரி 8, வெள்ளி

கோபம் இல்லை. அதைவிட மோசமாக ஏதோ.

தேனிலவுக்கு நாங்கள் கோட்டைகளைப் பார்க்கப் போனோம். வேறு யார் போவார்கள்? ஒரு கதவுக்கு மேலே கணவன் மனைவி இருவரின் சின்னங்களும் சேர்த்துச் செதுக்கியிருந்தன. அவனுடைய சிங்கம் அவளுடைய மானைப் பார்த்துத் திரும்பி நின்றது. "ஏன் இந்தச் சிங்கம் மட்டும் திரும்பியிருக்கு?" என்று ஒட்டிலியா கேட்டாள். நாற்பது நிமிடம் விளக்கினேன். கதவைப் பார்த்தபடி. முடித்துவிட்டுத் திரும்பினால் அவள் கீழே போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது எனக்கு அது அவமரியாதையாகப் பட்டது.

முடி வெட்டியது உண்மை. எந்த வருடம் என்றுகூட நினைவில்லையே எனக்கு. சே!

பிப்ரவரி 23, சனி

லூசர்ன் நகரில் இருக்கும் கேடயச் சின்ன நிபுணர் ஒருவருக்கு, அந்த விதிவிலக்கு எங்கேயாவது இருந்துவிடாதா என்ற நப்பாசையில் கடிதம் போட்டிருந்தேன். பதில் வந்தது. மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார். முப்பத்தைந்து வருடத்தில் இப்படி ஒரு விதிவிலக்கைத் தாம் கண்டதில்லையாம். ஆதார நூலின் பெயரைத் தெரிவித்தால் நன்றியுடையவராக இருப்பாராம். மறுபிரசுரம் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடிதத்தை ரொட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

மார்ச் 2, சனி

மறுபடி நாலு பேர். இந்தத் தடவை ஃப்ரிடோலின் புது நிபந்தனை போட்டார். "முள்ளெலிக்கு விதிவிலக்குன்னா நீர்நாய்க்கும் விதிவிலக்குதான். எங்க நீர்நாயையும் யாரும் தொடக்கூடாது." இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் டான்வில்லின் பின்புறத்தை மூஸ்பாக் காலகாலத்துக்கும் முகர்ந்துகொண்டிருக்கும் என்றாள் ஒட்டிலியா. அதனால் மாற்று வழிகள்:

ஒன்றன்மேல் ஒன்று. முள்ளெலி மேலே, நீர்நாய் கீழே. வரைந்து பார்த்தோம். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த பங்குத்தந்தை எட்டிப் பார்த்தார், இருமினார், தொப்பியை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

பாதி முள்ளெலி, பாதி நீர்நாய், நடுவில் ஒட்டு. "இது மெல்கியோர் பஸ்ஸுல அடிபட்ட மாதிரி இருக்கு," என்றார் ஃப்ரிடோலின். இருபத்தொன்பது வருடத்தில் நான் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அதைப் பதிவு செய்யச் சொன்னேன். பதிவு செய்ய வேண்டிய செயலாளர் நான்தான் என்றார்கள்.

கடைசியாக முதுகோடு முதுகு. ஒட்டிலியா வரைந்தாள். சண்டை போட்டுவிட்டுப் படுத்திருக்கும் இரண்டு பேர் மாதிரியே இருந்தது. முள்ளெலிக்கு மீசை வைத்திருந்தாள். எனக்கு மீசை உண்டு.

மார்ச் 19, செவ்வாய்

விடுமுறை. ஆனால் நிம்மதி இல்லை. ஃப்ரிடோலின் உர்பானுக்குப் போன் செய்திருக்கிறார். மலைக்கு அந்தப் பக்கம் வெய்டன் ஊர் பேண்டு அவர்களைக் கூப்பிடுகிறதாம். நாலு டிராம்போனையும் அப்படியே எடுத்துக்கொள்வார்களாம். வெய்டன்காரர்கள் சின்னம் ஒரு சக்கரம். "சக்கரத்துக்கு முதுகு கிடையாது" என்றாராம்.

ஏப்ரல் 13-ல் இரண்டு ஊரும் சேர்ந்த பொதுக்கூட்டம். அன்றைக்குக் கொடி முடிவாகவில்லை என்றால் அவர்கள் வெய்டனுக்கு. எங்களுக்கு உர்பானின் 'பாம் பாம்'.

ஒட்டிலியாவும் போய்விடுவாள். வெய்டனுக்கு என் பஸ் போகாது.

ஏப்ரல் 12, வெள்ளி

நாளைக்கு ஆதார நூலைக் கொண்டுவருவேன் என்று உர்பான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறான். என்னிடம் இருப்பது ரொட்டிப் பெட்டிக் கடிதம் ஒன்றுதான். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா? நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருக்கிறது, துரோகி.

ஏப்ரல் 13, சனி

எழுதாமல் தூக்கம் வராது.

பள்ளி மண்டபம் நிரம்பி வழிந்தது. வாத்தியக்காரர் இருபத்திநாலு பேரோடு குடும்பங்களும் வந்துவிட்டன. டான்வில் இடப்பக்கம், மூஸ்பாக் வலப்பக்கம், நடுவில் ஒரு தள்ளுவண்டி அகலத்துக்கு இடைவெளி. உர்பான் எல்லோருக்கும் ஒட்டுச்சீட்டோடு தொத்திறைச்சி வைத்திருந்தான். மூஸ்பாக்காரர்கள் ஒட்டுச்சீட்டை உரித்து மேசைக்கு அடியில் ஒட்டிவிட்டுத் தின்றார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். வரைபடத்தைக் கரும்பலகையில் குத்தினேன். குத்திவிட்டு அங்கிருந்தபடியே தொடங்கினேன்: "மரியாதைக்குரிய உறுப்பினர்களே, கேடயச் சின்ன மரபில்..." என் குரல் பலகையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. மனிதர்களைப் பார்த்துப் பேசவில்லை நான். பலகையைப் பார்த்துப் பேசுகிறேன். இருபத்திரண்டு வருடம்.

திரும்பினேன். எழுதும்போது ஒரே வார்த்தை. அங்கே அதற்கு அரை நிமிடம் ஆனது. எத்தனை முகங்கள்! ஒட்டிலியா மூன்றாவது வரிசையில் இருந்தாள். முடி நரைத்திருக்கிறது. நன்றாக இருக்கிறது. எப்போது நரைத்தது?

"முள்ளெலிக்கு விதிவிலக்கு கிடையாது," என்றேன். "எந்த நூல்லயும் இல்ல. நானா சொன்னது. ஒட்டிலியா சொன்னதுதான் சரி. எனக்கு அது அன்னிக்கே தெரியும்."

தொத்திறைச்சி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

உர்பான் மெதுவாக எழுந்தான். கோபத்தை எதிர்பார்த்தேன். அவன் குரல் உடைந்திருந்தது. "மெல்க். நான் எல்லார்கிட்டயும் சொன்னேனே. என் மாமியார்கிட்டக்கூடச் சொன்னேனே!"

அதுதான் ரொம்பவும் வலித்தது.

"அப்ப நாங்க திரும்பணும். தோத்துட்டோம். அவ்வளவுதானே?" என்றான்.

ஒட்டிலியா எழுந்தாள். "தோக்கிறதுன்னு யார் சொன்னது? கௌரவ இடத்துல இருக்கிறவருக்கு மட்டும்தான் திரும்புற உரிமை. மரியாதை காட்டுறது பெரிய இடத்து வேலை. பின்னாடி நிக்கிறவர் ஆசைப்பட்டாலும் திரும்ப முடியாது."

உர்பான் யோசித்தான். அவன் யோசிக்கும்போது காது அசையும். "அப்படின்னா, நாங்க மட்டும்தான் திரும்பலாமா?"

"நீங்க மட்டும்தான்."

"நீர்நாய் திரும்ப முடியாதா?"

"முடியாது."

"கெஞ்சிக் கேட்டாலும்?"

"கேட்டாலும்."

டான்வில் வரிசைகளில் ஒரு சலசலப்பு பரவியது. உர்பான் நெஞ்சை நிமிர்த்தி, "திருப்புங்கய்யா நம்ம முள்ளெலியை!" என்று கத்தினான். கைதட்டல். எனக்கு மூச்சு வந்தது. முடிந்தது, பேண்டு பிழைத்தது என்று நினைத்தேன்.

ஃப்ரிடோலின் எழுந்தார். "நில்லுங்க. எங்க நீர்நாய் ஏன் திரும்பக்கூடாது?"

"நீங்கதானே அதைத் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க!" என்றேன்.

"அது அப்ப. மரியாதை காட்ட மூஸ்பாக்குக்குத் தெரியாதா? எங்களுக்கு நாகரிகம் இல்லையா?"

"ரெண்டும் திரும்பினா முள்ளெலி நீர்நாயோட வாலைப் பார்த்துட்டு நிக்கும்!"

"நிக்கட்டும்!"

மூன்று மாதமாகத் திரும்பமாட்டோம் என்று அடித்துக்கொண்ட இரண்டு ஊரும், இப்போது நாங்கள்தான் திரும்புவோம் என்று மேசையைத் தட்டின. முதல் வரிசை கிளாரினெட்டும் மூஸ்பாக் மேளமும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிலொமினா அம்மாள் கையில் முட்டை இல்லாதது கடவுள் செயல்.

எனக்கு ஒன்று தோன்றியது. வாயைத் திறந்தேன். அதற்குள் மூன்றாவது வரிசையிலிருந்து ஒட்டிலியாவின் குரல், டிராம்போன் ஊதிப் பழகிய நுரையீரலிலிருந்து:

"துணிக்கு ரெண்டு பக்கம் இருக்கு, முட்டாள்களா!"

நானும் அதையேதான் சொல்ல வந்தேன். முன்பக்கத்தில் கம்பத்தை ஒட்டி முள்ளெலி. அது திரும்பி நீர்நாயைப் பார்க்கும். பின்பக்கத்தில் கம்பத்தை ஒட்டி நீர்நாய். அது திரும்பி முள்ளெலியைப் பார்க்கும். யார் முதல் பக்கம், யார் பின்பக்கம் என்பதைக் காற்று முடிவு செய்யட்டும்.

காற்று எந்த ஊரின் காற்று என்று ஃப்ரிடோலின் கேட்டார். கைகள் உயர்ந்தன. இருபத்திநாலுக்கு இருபத்திமூன்று. மிச்சம் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு உர்பான் எனக்குத் தண்டனை சொன்னான். புதுக் கொடிக்கு ஞானத்தந்தையும் ஞானத்தாயும் வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் வைப்பதுபோலத்தான். கொடியின் செலவை ஏற்றுக்கொண்டு, பாதிரியார் அதை ஆசீர்வதிக்கும் திருநிலைப்பாட்டு நாள் முழுக்க அதன் பின்னால் கைகோத்து நடந்து, முதல் நடனமும் ஆடவேண்டும். இரண்டு பக்கமும் தையல் என்றால் இரட்டைச் செலவு. "பொய் சொன்னவன்தான் ஞானத்தந்தை," என்றான். ஞானத்தாயை மூஸ்பாக் சொல்ல வேண்டும். ஃப்ரிடோலின் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "முட்டாள்னு எங்களைக் கூப்பிட்டவங்கதான்," என்றார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

என் வாழ்க்கையிலேயே மிக அழகான தண்டனை. உர்பானிடம் சொல்லக்கூடாது. பறித்துக்கொள்வான்.

ஏப்ரல் 30, செவ்வாய்

உர்பானின் கடை. மிச்சமுள்ள ஆயிரத்து இருநூறு ஒட்டுச்சீட்டிலும் பேனாவால் 'திரும்பாது' என்பதை அடித்து 'திரும்பும்' என்று எழுதிக்கொண்டிருக்கிறான். ஐம்பது எழுதிக்கொடுத்தேன். "இன்னும் ஐம்பது எழுது," என்றான். மன்னித்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

தையல் பட்டறையிலிருந்து கடிதம். இரண்டும் நேருக்கு நேர் நிற்கையில் நீர்நாய் முள்ளெலியைத் தின்னப்போவதுபோல் தோன்றுகிறதாம். நீர்நாயின் வாயை மூடலாமா என்று கேட்கிறார்கள். வாயை மூடினால் யாழ் எங்கே போகும்? ஒட்டிலியாவுக்குப் போன் செய்தேன். பதினோரு வருடத்தில் முதல் போன். "நாக்கைச் சின்னதாக்கச் சொல்லு," என்றாள். 'சொல்லுங்க' இல்லை. 'சொல்லு'. வைத்துவிட்டேன். பிறகுதான் நன்றி சொல்லவில்லை என்று தோன்றியது. மறுபடி போன் செய்து சொன்னேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

திருநிலைப்பாடு. மழை இல்லை. எட்டு ஊர்க் கொடிகள் வந்தன, வெய்டன் சக்கரமும் சேர்த்து.

கொடியின் பின்னால் கைகோத்து நடந்தோம். அவளுக்கு ஊதா உடை, எனக்கு இரவல் கறுப்புக் கோட்டு. காற்று முதலில் வடக்கிலிருந்து வீசியது. முள்ளெலி திரும்பி நீர்நாயைப் பார்த்தது. டான்வில் தெருவில் கைதட்டினார்கள். பாலத்தில் காற்று மாறியது. மூஸ்பாக்காரர்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு ஊரும் மாறி மாறிக் கைதட்டியதில் பாதிரியார் ஜெபத்தை மூன்று தடவை ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

முதல் நடனம் வால்ட்ஸ். ஞானப்பெற்றோர் ஆடுவதால் பேண்டில் டியூபாவும் இல்லை, ஒரு டிராம்போனும் குறைவு. நான் இல்லாத வால்ட்ஸை முதல்முறையாகக் கேட்டேன். நடுவில் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்திலெல்லாம் உர்பான் "பாம் பாம்" என்று பாடினான்.

"காலைப் பார்க்காத. என்னைப் பாரு," என்றாள் ஒட்டிலியா.

"உன் காலை மிதிச்சுடுவேன்."

"மிதி. பரவாயில்ல."

மிதித்தேன். மூன்று தடவை.

"பிப்ரவரியில அந்தச் சூனியக்காரி நீதானே?" என்றேன்.

"எந்தச் சூனியக்காரி?" என்றாள். "உனக்கு எதிர்ல உக்காந்தவளோட முகத்தையும் நீ பார்க்கலையா?"

முகமூடி போட்டிருந்தாளே, எப்படிப் பார்ப்பது! சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் வால்ட்ஸ் முடிந்துவிட்டது. இரண்டாவதும் ஆடினோம். அது வழக்கத்தில் இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

12.40 பஸ். மூஸ்பாக் கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஒட்டிலியா இறங்கவில்லை. பின்னால் திரும்பாமலே, "கடைசி நிறுத்தம்," என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடினேன். எஞ்சினை அணைத்தேன். எழுந்து போய் அவளுக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

வண்டி இருபத்தாறு நிமிடம் தாமதம். படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில், "ஓட்டுநர் பேசிக்கொண்டிருந்தார்" என்று உள்ளதையே எழுதிக் கொடுத்துவிட்டேன்.